நான் பிரித்தெழுதிய சில்வர் குளோரைடு

போன திங்கட்கிழமை காலை. மாரண்டஹள்ளி பஸ் நிறுத்தம். தருமபுரி பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருக்கிறது. அதன் ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தையோடு, தலைகூட வாராமல் ஒருத்தி உள்ளே பார்த்துக் கத்துகிறாள்.

"சில்வர் குளோரைடு கரையாது ஸ்டெல்லா. அதைப் பிரிக்காதே."

அந்த ஒருத்தி நான்தான். இதை எழுதலாமா, வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பார்த்தவர்கள் எப்படியும் ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள். நானே சொல்லிவிடுவது மேல்.

ஸ்டெல்லா என் கணவரின் தங்கை. எங்களோடு இருந்து பி.யூ.சி. படிக்கிறாள். தினமும் பஸ்ஸில் தருமபுரிக்குப் போய் வருகிறாள். வகுப்பில் அறுபது பையன்கள், நாலு பெண்கள். கெமிஸ்ட்ரி லெக்சரர் திங்கட்கிழமைதோறும் யாரையாவது கூப்பிட்டு ஹோம் ஒர்க்கைப் போர்டில் எழுதச் சொல்வாராம். முந்தின வாரம் இவள் முறை. ஒன்றும் எழுத வராமல் சாக்பீஸோடு நின்றிருக்கிறாள். பின் பெஞ்சில் சிரிப்பு. "அடுத்த வாரமும் நீயே வாம்மா" என்று அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள்.

"அண்ணி, இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா நான் காலேஜுக்குப் போவலைங்க. வூட்டுலயே இருந்துக்கறேன்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்... வூட்டுலயே இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியுமே.

நானும் பி.யூ.சி.தான். கெமிஸ்ட்ரியில் வகுப்பில் முதல். பி.எஸ்சி.க்கு இடம்கூடக் கிடைத்தது. சேர்வதற்குள் கல்யாணம். யாரும் தடுக்கவில்லை. படிக்கிறாயா என்று யாரும் கேட்கவும் இல்லை. நானும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால்? ஆறு வருஷமாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது.

"பி.ஏ.வை வீட்டுல இருந்தே எழுதலாமே" என்கிறார் இவர். எழுதலாம். ஆனால் நான் கேட்பது கெமிஸ்ட்ரி. அதற்கு லேப் வேண்டும். லேப் வீட்டுக்கு வருமா?

அதனால்தான் ஸ்டெல்லா நோட்டை நீட்டியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பழைய நோட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. எடுத்து ஒரு தடவை பார்த்திருக்கலாம். எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்ற கர்வம்!

கேள்வி இதுதான். சில்வர் நைட்ரேட் கரைசலில் உப்புத் தண்ணீரை — அதாவது சோடியம் குளோரைடை — ஊற்றினால் என்ன நடக்கும்? நெட் அயானிக் ஈக்வேஷன் எழுதுக. பயப்படாதீர்கள், விஷயம் எளிது. தண்ணீரில் கரைந்தவற்றை அயனி அயனியாகப் பிரித்து இரண்டு பக்கமும் எழுதவேண்டும். இரண்டு பக்கத்திலும் மாறாமல் இருப்பதை அடித்துவிடவேண்டும். மிச்சம் இருப்பதுதான் உண்மையில் நடந்தது.

நான் மளமளவென்று பிரித்தேன். இந்தப் பக்கம் நாலு அயனி. அந்தப் பக்கமும் நாலு. ஒவ்வொன்றாக அடித்தோம். சோடியம் போனது. நைட்ரேட் போனது. சில்வர், குளோரைடு... எல்லாம் போய்விட்டன.

"ஒண்ணுமே மிச்சம் இல்லைங்களே அண்ணி?"

"அப்போ ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தம். ரியாக்‌ஷன் இல்லைன்னு எழுது."

எழுதிவிட்டாள். அண்ணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை, பாவம்.

திங்கட்கிழமை காலை அவள் கிளம்பிப் போன பிறகு குழந்தைக்குப் பால் காய்ச்சினேன். திரிந்துவிட்டது. வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள்... பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே? என் கையில் இருந்த டெஸ்ட் டியூபில்தான். சில்வர் நைட்ரேட்டில் உப்புத் தண்ணீர் விட்டதும், திரிந்த பால் மாதிரியே திரண்டு அடியில் இறங்கியதே. அதுதானே சில்வர் குளோரைடு! கரையாத பொருளை நான் எப்படிப் பிரித்தெழுதினேன்? கண்ணால் பார்த்ததையே நடக்கவில்லை என்று சொல்லிக்கொடுத்துவிட்டேனே.

ஸ்டவ்வை அணைத்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. ஓடினேன்.

"அண்ணி, சத்தத்துல கேக்கலைங்க" என்றாள் ஸ்டெல்லா ஜன்னல் வழியாக. நான் திரும்பக் கத்தினேன். தக்காளிக் கூடையோடு நின்ற அம்மா ஒருத்தர், "மருந்து பேருங்களா? யாருக்கு ஒடம்பு சரியில்லை?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "அக்கா, ஒண்ணு ஏறுங்க, இல்லை கம்பியை விடுங்க. மிச்சப் பாடத்தைப் பாலக்கோடு போறதுக்குள்ள முடிச்சிரலாம்."

பஸ்ஸே சிரித்தது. ஆனால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன் — என் வலது கால் படியில் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியாது. குழந்தை பாலுக்கு அழுதது. காலை எடுத்துக்கொண்டேன்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அவள் காதில் விழுந்ததா? விழுந்தாலும் புரிந்ததா? என்னால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றுவிட்டதென்றால்... சாயங்காலம் ஸ்டெல்லா செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலுக்குப் போய்விட்டேன்.

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. மொதல்ல நோட்டுல இருந்ததை அப்படியே எழுதி, எல்லாத்தையும் அடிச்சேன். அப்புறந்தான் நீங்க கத்தினது நெனப்பு வந்துச்சு. அழிச்சுட்டுச் சரியா எழுதினேன். மொதல்ல எழுதினது யாரு சொல்லிக்கொடுத்ததுன்னு சார் கேட்டாருங்க. எங்க அண்ணின்னேன். சரி, ரெண்டாவது? அதுவும் எங்க அண்ணிதானுங்கன்னேன். சாரே சிரிச்சுட்டாரு."

"நாளைக்குக் காலேஜ்?"

"போவாம?" என்றாள், என்னை ஒரு மாதிரி பார்த்து.

அன்று பாத்திரம் கழுவும்போது ஒன்று தோன்றியது. நாம் அடித்துவிட்டதால் அந்தச் சோடியம் எங்கேயும் போய்விடவில்லை. ஈக்வேஷனில் இல்லை, அவ்வளவுதான். தண்ணீரில் அப்படியேதான் இருக்கிறது.

வியாழக்கிழமை அவளுக்குப் பிராக்டிகல். திரும்பி வந்ததும் லாகரிதம் டேபிள் புத்தகத்தைத் திறந்து, நாலாக மடித்த ஃபில்டர் பேப்பர் ஒன்றை நீட்டினாள். உள்ளே சில்வர் குளோரைடு, ஒரு சிட்டிகை. ஓரமெல்லாம் ஊதா ஏறியிருந்தது.

"எடுக்கறப்ப வெள்ளையா இருந்துச்சுங்க அண்ணி."

தெரியும். வெளிச்சம் பட்டால் அப்படித்தான் ஆகும். அது எனக்கு மறக்கவில்லை.

குழந்தை வாயில் வைத்துவிட்டால் என்ன செய்வது? அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். எனக்கும் எட்டாத உயரம்தான் — முக்காலி போட்டு ஏறிப் பார்த்துக்கொள்கிறேன்.