சட்டம் இல்லாத நாளில் பிடுங்கிய சாவி

1. ரோல் கால்

ஹெல்மெட் கட்டாயம் என்ற உத்தரவு அமலுக்கு வந்த முதல் நாள் காலை, ரோல் காலில் இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்கள்ல எவன்கிட்டய்யா மோட்டார் சைக்கிள் இருக்கு?"

யாரும் கை தூக்கவில்லை. டிராபிக்கில் இருந்த எல்லாருமே சைக்கிள்காரர்கள்தான்.

"நல்லதாப் போச்சு. அப்ப எவனும் போடாதவனுக்குப் பரிஞ்சு பேச மாட்டீங்க. போங்க. ஆளுக்கு நாலு கேஸாவது இல்லாம சாயந்தரம் என் மூஞ்சியில முழிக்கக் கூடாது."

எண்பதுகளில் நடந்தது இது. எனக்கு மதுரையில் பழங்காநத்தம் சந்திப்பில் டூட்டி. அப்போது அங்கே தானியங்கி சிக்னல் கிடையாது. ரோட்டு நடுவில் ஒரு சிமெண்ட் மேடை. அதன்மேல் ஒரு குடை. குடைக்குக் கீழே நான். ஒரு பக்கம் கையை நீட்டினால் திருமங்கலம் பஸ்கள் நிற்கும், மறுபக்கம் டவுன் பஸ்ஸும் மாட்டு வண்டியும் பஞ்சு லாரியும் போகும். பிறகு கையை மாற்ற வேண்டும். இதுதான் வேலை. ஊரே என்னைப் பார்த்துக்கொண்டு போகும். பேசுகிறவர் யாரும் இல்லை. மேடையில் நிற்கிற போலீஸ்காரனிடம் யார் என்ன பேசுவார்கள்?

வீட்டிலும் அப்படித்தான். கல்யாணமான இரண்டாம் வருடம் பிறந்த வீட்டுக்குப் போன என் மனைவி திரும்பி வரவில்லை. அது இந்தக் குறிப்புக்குத் தேவையில்லாத கதை. போலீஸ் லைனில் எனக்கு ஓர் அறை. வேலை முடிந்து போய்க் கதவைத் திறந்தால், காலையில் வைத்துவிட்டுப் போன சாமான் வைத்த இடத்திலேயே இருக்கும். சில நாள் சாயந்தரம் கடையில் "ஒரு டீ" என்று சொல்லும்போதுதான், மதியத்துக்குப் பிறகு நான் பேசுகிற முதல் வார்த்தை அது என்று தெரியும்.

2. ஒரு தலையா, ரெண்டு தலையா

முதல் நாள் ஹெல்மெட் வேட்டையில் பல ரகம் மாட்டியது. ஒருவர் தலையில் வேர்க்குரு என்று டாக்டர் சர்டிபிகேட் காட்டினார். இன்னொருவர் கட்டட வேலைக்குப் போடுகிற தகரத் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு வந்து, "இதுவும் ஹெல்மெட்தான சார்?" என்றார். முத்திருளன் மட்டும் எந்தச் சாக்கும் சொல்லவில்லை.

அவர் பம்ப்செட் மெக்கானிக். பசுமலை அடிவாரத்தில் வீடு. பழைய மோட்டார் சைக்கிள், பக்கவாட்டில் டூல்ஸ் பெட்டி. பின்னால் அவர் மனைவி பஞ்சவர்ணம். பஞ்சு மில்லில், நூல் சுற்றும் ரீலிங் செக்‌ஷனில் வேலை. மனைவியை மில் வாசலில் இறக்கிவிட்டுவிட்டு அவர் ஒர்க் ஷாப்புக்குப் போவார்.

"ஹெல்மெட் எங்கய்யா?" என்றேன்.

"இல்ல, ஏட்டய்யா. வாங்கவும் மாட்டேன்."

நான் அப்போது வெறும் கான்ஸ்டபிள். ஆனாலும் எங்கள் பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட எல்லாருமே ஏட்டய்யாதான்.

"ஏன், உன் தலைக்கு மட்டும் இரும்புல மூடி போட்டிருக்கா?"

"என் தலைய விடுங்க. பின்னாடி ஒருத்தி உக்காந்திருக்காளே, அவ தலைக்கு உங்க சட்டத்துல என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லை. ஓட்டுகிறவரைப் பிடித்தால் போதும், பின்னால் இருப்பவர்களை விட்டுவிடுங்கள் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"வண்டி சாஞ்சா ரெண்டு பேருந்தான விழுவோம்? நான் மட்டும் சட்டிய மாட்டிக்கிட்டு எந்திரிச்சு, அவள அள்ளிக்கிட்டு வரணுமா? அதுக்கு ரெண்டு பேருமே இல்லாமப் போறோம். எங்க இஷ்டம்."

பெயரை எழுதிக்கொண்டு கேஸ் போட்டேன்.

மறுநாளும் வந்தார். வரிசையாக நின்ற பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே வண்டியை நுழைத்து நெளித்து, மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அப்படிச் சந்தில் புகுந்து வரக் கூடாது. வந்தால் கண்டிக்க வேண்டியது என் வேலை. கண்டிப்பதற்கு முன் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"நேத்து நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல, ஏட்டய்யா."

கையை மாற்றும் வரைக்கும் அரை நிமிஷம் கிடைக்கும். அதற்குள் அவர் ஒன்று சொல்வார், நான் ஒன்று சொல்வேன். மிச்சம் மறுநாளைக்கு. "நீங்க சைக்கிள்ல போறீகளே, சைக்கிள்காரனுக்குத் தலை இல்லையா?" என்று ஒரு நாள். "காத்து தலையில படலேன்னா மோட்டார் சைக்கிள் எதுக்கு, பஸ்லயே போயிரலாமே" என்று ஒரு நாள். விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். ராத்திரி சாப்பிடும்போது அவருக்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். யோசிப்பதற்கு அப்படி ஒன்று இருந்தது எனக்கு நன்றாக இருந்தது.

ஒரு நாள் பதில் கிடைத்தது.

"அப்ப ரெண்டா வாங்குய்யா. பொம்பளைக்கு ஹெல்மெட் விக்க மாட்டேன்னு எந்தக் கடைக்காரன் சொன்னான்?"

முத்திருளன் திரும்பி மனைவியைப் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணம் சிரித்துவிட்டார். நான் கையை மாற்றினேன்.

கொஞ்ச நாளில் இரண்டு ஹெல்மெட்டோடு வந்தார்கள். சேலை கட்டிய பெண் ஹெல்மெட் போட்டு அந்த ரோட்டில் யாரும் பார்த்ததில்லை. டவுன் பஸ்ஸே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் போல அத்தனை பேர் ஜன்னலுக்கு வந்தார்கள். பஞ்சவர்ணம் தலையில் வைக்க வேண்டிய பூவைத் தூக்குவாளிப் பையில் போட்டு வைத்திருந்தார். மில் வாசலில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகு வைத்துக்கொள்வாராம்.

"அண்ணே, உங்களாலதான் இது. மில்லுல அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாளுக" என்றார்.

"சிரிக்கட்டும்மா. நாளைக்கு அவளுகளும் வாங்குவாளுக."

யாரும் வாங்கவில்லை. ஆனால் பஞ்சவர்ணம் ஒரு நாள்கூட ஹெல்மெட் இல்லாமல் வந்ததில்லை.

3. கண்டுக்காதீங்க

சில மாதங்களில் உத்தரவு தளர்ந்துவிட்டது. எழுத்தில் எதுவும் வந்ததாக நினைவில்லை. ரோல் காலில் இன்ஸ்பெக்டர், "ஹெல்மெட்ட இனிமே கண்டுக்காதீங்க, மேல இருந்து சொல்லிட்டாக" என்றார், அவ்வளவுதான். ஒரே வாரத்தில் ஊர் முழுக்க வெறுந்தலைகள். பலர் ஹெல்மெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு போனார்கள். என் சந்திப்பில் போட்டுக்கொண்டு வந்தவர்கள் இவர்கள் இருவர்தான்.

"ஏன்யா, இப்பத்தான் சட்டம் இல்லையே?" என்று நானே கேட்டேன்.

"அவ கழட்ட மாட்டேங்கிறா. நான் கழட்டுனா நல்லாவா இருக்கும்?"

அதன்பின் எங்கள் பேச்சு வேறு பக்கம் போனது. மழை, கிணற்றுத் தண்ணீர், மில்லில் போனஸ் தகராறு. எல்லாம் அரை நிமிஷம், அரை நிமிஷமாக.

அந்த வருடம் கோடையில் முத்திருளன் தனியாக வரத் தொடங்கினார். ஷிப்ட் மாறியிருக்கும் என்று நினைத்தேன். நான்கைந்து நாள் கழித்து, "வீட்டம்மா எங்க?" என்று கேட்டேன்.

"பெரியாஸ்பத்திரியில. மஞ்சக்காமாலை."

மேலே கேட்பதற்குள் கையை மாற்ற வேண்டியதாயிற்று.

பிறகு அவரைக் காணவில்லை. தினமும் காலையில் அவர் வருகிற நேரத்துக்குத் திருமங்கலம் பக்கம் பார்ப்பேன். யாரிடம் போய்க் கேட்பது? அவருக்கு நான் யார்? தினமும் நிறுத்தி அனுப்புகிற போலீஸ்காரன்.

ஒரு மாதம் போல் ஆகியிருக்கும். வந்தார். முகத்தில் தாடி. தலையில் ஹெல்மெட் இல்லை. பக்கத்தில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"போயிட்டா, ஏட்டய்யா."

நான் ஒரு வார்த்தை கேட்பதற்குள் பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. அடுத்து லாரி. நான்கு பக்கமும் வண்டிகள் சேர்ந்துவிட்டன. மனைவியைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கிறவரை, கையைக் காட்டி நான்தான் போகச் சொன்னேன். அவரும் போனார்.

4. சாவி

அதன்பின் அவர் ஹெல்மெட் போடவே இல்லை. என்னிடம் பேசவும் இல்லை. வண்டி ஓட்டுகிற விதமே மாறிப்போனது. முன்பு சந்தில் நுழைந்து வந்தாலும், நிற்கிற வண்டிகளுக்கு நடுவேதான் வருவார், பின்னால் மனைவியின் முழங்கால் இடிக்காமல் பார்த்து வருவார். இப்போது ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே புகுந்தார். நான் கத்துவேன். காதில் விழுந்த மாதிரியே தெரியாது.

ஒரு நாள் காலை, திருமங்கலத்திலிருந்து வந்த பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. அதை ஒட்டி ஒரு டவுன் பஸ். இரண்டுக்கும் இடையில் ஓர் ஆள் நடந்து போகிற இடம்கூட இல்லை. அதற்குள் முத்திருளன் வண்டியை விட்டார். டூல்ஸ் பெட்டி பஸ்ஸில் உரசிய சத்தம் மேடை வரைக்கும் கேட்டது. கண்டக்டர் படியில் நின்று அலறினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவர் எனக்கு முன்னால் நின்றிருந்தார். முழங்கையில் ரத்தம் வழிந்தது. முகத்தில் பயமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மேடையிலிருந்து இறங்கினேன். டூட்டி நேரத்தில் மாற்று ஆள் இல்லாமல் இறங்கக் கூடாது. இறங்கிப் போய் வண்டிச் சாவியைப் பிடுங்கினேன்.

"ஹெல்மெட் எங்க?"

"எந்தச் சட்டத்துல கேக்குறீக?"

"சட்டத்துல இல்ல. நான் கேக்குறேன்."

"என் தலை, ஏட்டய்யா. இப்பப் பின்னாடியும் யாரும் இல்ல. என் இஷ்டம்."

"நாளைக்கு ஹெல்மெட்டோட வந்து சாவிய வாங்கிக்க. இப்ப வண்டிய ஓரமாத் தள்ளு."

சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே பசுமலைப் பக்கம் நடந்தார். அதற்குள் சந்திப்பு முழுக்கச் சிக்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் ஜீப்பும் அதில் மாட்டிக்கொண்டது.

"இல்லாத சட்டத்துக்குச் சாவியப் பிடுங்குனியா? அவன் ஒரு பெட்டிஷன் தட்டி விட்டா நான் எஸ்.பி.க்கு என்னன்னு பதில் எழுதுறது? அவன் உனக்கு யாரு, மாமனா மச்சானா?"

"யாரும் இல்ல, ஐயா."

மெமோ கொடுத்தார்.

5. பசுமலை

சாயந்தரம் காக்கியை மாற்றிவிட்டு டவுன் பஸ் ஏறி அவர் வீட்டைத் தேடிப் போனேன். ஓட்டு வீடு. வாசலில் வண்டி நின்றது. உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வேட்டி சட்டையில் என்னை அடையாளம் தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சாவி குடுக்க வந்தேன்."

"நாளைக்கு ஹெல்மெட்டோட வரச் சொன்னீக."

"அதெல்லாம் கோவத்துல சொல்றதுய்யா."

ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தேன். அதன்பின் இருவருக்கும் பேசத் தெரியவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக அரை நிமிஷத்தில் பேசி முடித்தே பழகியவர்கள். இப்போது நேரம் கிடந்தது, ஹாரன் அடிக்க யாரும் இல்லை. அவர் சுவரைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாப்பிட்டீகளா? உங்க வீட்ல தேட மாட்டாகளா?" என்றார் கடைசியில்.

"தேட ஆள் இல்ல."

அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

"இம்புட்டு நாளும் சொல்லவே இல்லையே, ஏட்டய்யா."

"கைய மாத்துறதுக்குள்ள எதையய்யா சொல்ல?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. அழட்டும் என்று இருந்தேன்.

"சாகணும்னு ஓட்டல, ஏட்டய்யா. அப்பிடி நெனச்சிராதீக" என்றார் பிறகு. "பின்னாடி கனம் இல்ல. வண்டி அதுபாட்டுக்குப் பறக்குது. அவ உக்காந்திருந்தா தோள்ல கை வச்சு, மெதுவாங்கன்னு ஒரு தட்டுத் தட்டுவா. இப்ப யாரு தட்டுறது?"

எனக்கு ஆறுதல் சொல்லி வராது. மனதில் இருந்ததைத்தான் சொன்னேன்.

"நீ ஒரு மாசம் வராதப்ப, என்ன ஆச்சுன்னு கேக்க எனக்கு எடம் இல்ல. மேடையில நின்னு ரோட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆனாலும் அப்பிடித்தான் நின்னு பாத்துக்கிட்டு இருக்கணும். எனக்குப் பேச்சுத் துணைன்னு இருக்கிறது நீ வந்து நிக்கிற அந்த அரை நிமிஷந்தான். சட்டத்துக்குப் போட வேணாம். எனக்காகப் போடு."

அவர் எழுந்து போனார். கடையில் இட்லி வாங்கி வந்தார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். கடைசி பஸ்ஸுக்கு நேரமானதும் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை ஹெல்மெட்டோடு வந்தார். சந்தில் நுழையவில்லை. பஸ்ஸுக்குப் பின்னாலேயே வரிசையில் நின்றார். அதனால் அன்று எங்களால் பேச முடியவில்லை. மேடையைத் தாண்டிப் போகும்போது ஒரு விரலால் ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

மெமோவின் பலன் சீக்கிரமே வந்தது. என்னை மேலூர்ப் பக்கம் மாற்றினார்கள். முத்திருளன் திருவாதவூருக்கு மோட்டார் வேலையாக வந்தபோது இரண்டு மூன்று தடவை ஸ்டேஷனுக்கு வந்து பார்த்தார். பிறகு வரவில்லை. நான் மதுரைக்கு வந்த சமயம் ஒர்க் ஷாப்பில் கேட்டேன். தம்பியோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகவும், அங்கே நன்றாக இருப்பதாகவும் சொன்னார்கள். சந்தோஷமாக இருந்தது. மேலூரிலும் எனக்கு ஓர் அறைதான். மறுபடியும் டீக்கடையில் சொல்கிற வார்த்தையோடு என் பேச்சு முடிந்தது.

பின்னாளில் ஹெல்மெட் சட்டம் வந்தது, போனது, மறுபடி வந்தது. டிராபிக்கில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகள், "என் தலை என் இஷ்டம்னு சண்டைக்கு வாராங்களே, என்ன சொல்றது?" என்று என்னிடம் கேட்பதுண்டு. கேஸ் எழுதுவதற்கு முன், "வீட்ல யாரு யாரு இருக்காக?" என்று கேட்டுப் பார் என்பேன். பதில் சொல்லிக்கொண்டே சிலர் தாமாக எடுத்து மாட்டிக்கொள்வார்கள். சிலர் முறைத்துக்கொண்டு போவார்கள். போகட்டும். ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் ஒன்று சொல்வேன்: யாரும் இல்லை என்று ஒருவன் சொன்னால், அவனை மட்டும் உடனே அனுப்பிவிடாதே. இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துப் பேசு.