ஆமாம்சாமியின் வீடு

தெருவில் அவருக்கு ஆமாம்சாமி என்றுதான் பெயர். தண்ணீர் வரவில்லை என்றாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். வந்துவிட்டது என்றாலும் அதே சிரிப்பு, அதே தலையாட்டல். வம்பு தும்புக்குப் போகாத மனுஷன் என்று தெருவே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. நல்ல மனுஷன்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தத் தலையாட்டலுக்குக் காரணம் நல்ல குணம் அல்ல. அவருக்குக் காது கேட்காது.

தகர டப்பா செய்கிற பட்டறையில் வாழ்நாளெல்லாம் பிரஸ் மெஷின் முன்னால் நின்றவர். அந்த மெஷின் இறங்குகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. புரிந்தால் தலையாட்ட வேண்டும், புரியாவிட்டால் இன்னும் வேகமாகத் தலையாட்ட வேண்டும். "என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்டவனை மேஸ்திரி மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பட்டறையில் பாதிப் பேர் அப்படித்தான் காலத்தை ஓட்டினார்கள். வேலை முடிந்து வீட்டோடு உட்கார்ந்த பிறகும் அவரை அந்தப் பழக்கம் விடவில்லை.

மனைவி இருந்தவரை ஒரு குறையும் தெரியவில்லை. அவள் எதிரே வந்து நின்று முகம் பார்த்துப் பேசுவாள். வெளியாட்கள் ஏதாவது கேட்டால் முந்திக்கொண்டு அவளே பதில் சொல்லிவிடுவாள். பெற்ற மகளிடம்கூட இதைப்பற்றி அவள் மூச்சு விட்டதில்லை. அவள் கண்ணை மூடிய பிறகு அவர் டிவியை அலறவிட்டார். "பட்டறைக்காரங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்தான்" என்று மகள் சாதாரணமாக எடுத்துக்கொண்டாள். பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்றுவிட்டு வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டே முதுகைக் காட்டியபடி அவரிடம் எல்லாக் கதையும் பேசுவாள். திரும்பிப் பார்க்கும்போது அவர் தலையாட்டிக்கொண்டிருப்பார். காதில் மெஷினை மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பதா? உயிரே போனாலும் மாட்டார். அட, என்ன வீம்போ!

மகளுக்குத் தெரியாதது அவருடைய தம்பி மகனுக்குத் தெரிந்திருந்தது. அவனும் அந்தப் பட்டறையில் கொஞ்ச நாள் குப்பை கொட்டியவன்தான். பெரியப்பா, பெரியப்பா என்று வாயில் தேன் ஒழுகும். ஒருநாள் மகள் வேலைக்குப் போன பிறகு வந்து எதிரே உட்கார்ந்து, உதட்டைப் பிரித்துப் பிரித்து நிதானமாகப் பேசினான்.

"வீடு உங்க பேர்ல இருக்கு, வரி மட்டும் இன்னும் பெரியம்மா பேர்லயே வருது. உங்க பேருக்கு மாத்திடலாம். பத்திர ஆபீஸ்ல ஒரே ஒரு கையெழுத்துதான்."

இந்தப் பிள்ளைக்குத்தான் நம்மிடம் எப்படிப் பேசவேண்டும் என்று தெரிகிறது என்று அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. பாவி, அவன் அளந்து வைத்தல்லவா பேசினான்! பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரே கூட்டம், இரைச்சல். கண்ணாடியை எடுக்கப் பையில் கைவிட்டபோது, "நான் படிச்சுப் பார்த்துட்டேன் பெரியப்பா" என்று கையைப் பிடித்து நிறுத்தினான். அதிகாரி குனிந்தபடியே ஏதோ கேட்டார். இவர் சிரித்தார், தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஒருவர் டேப்போடு வந்து வீட்டை அளந்தார். அடமானக் கடனுக்காக பேங்க் அனுப்பியிருக்கிறது என்றார். வீடு தம்பி மகன் பேரில் இருக்கிறதாம். தானப் பத்திரமாம். மகள் மறுநாளே அப்பாவைக் கூட்டிக்கொண்டு புகார் கொடுக்கப் போனாள்.

முதியோர் புகார்களை விசாரிக்கிற அம்மாள் நல்ல மாதிரி. பதிவின்போது எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள். அதில் அதிகாரி கேட்டது மகளுக்குத் தெளிவாகக் கேட்டது. "இந்த வீட்டைத் தானமா எழுதிக் கொடுக்கறீங்க. யாரும் மிரட்டலையே? உங்க விருப்பம்தானே?" திரையில் அவர் பல் தெரியச் சிரித்துத் தலையாட்டினார்.

"எனக்குக் காது கேக்காதும்மா. அந்த ஆள் என்ன கேட்டார்னே தெரியாது." அத்தனை காலம் மூடி மறைத்ததை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். கூச்சத்தில் உடம்பே எரிந்தது.

தம்பி மகன் சிரித்தான். "சும்மா சொல்றாரு மேடம். தெருவுல யாரை வேணும்னாலும் கேளுங்க. பேசினா டக்குனு தலையாட்டுவாரு. செவிடுன்னு ஒருத்தர் சொல்லட்டும்."

சொல்லமாட்டார்கள். அப்படி அல்லவா ஊரை ஏமாற்றி வைத்திருந்தார்!

"காதைப் பரிசோதிச்சு சர்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க. ஆனா இப்ப காது கேக்கலைங்கறது மட்டும் போதாது, அப்பவே கேக்கலைன்னு நிரூபிக்கணும்" என்ற அந்த அம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். "கூடவே இருக்கீங்க. நீங்க பேசறது அவருக்குக் கேக்குமா?"

"கேக்கும் மேடம்... தினமும் பேசறேன். இவன் நீட்டற எதுலயும் கையெழுத்துப் போடாதீங்கன்னுகூடச் சொன்னேன். சரின்னு தலையாட்..."

சொல்ல வந்தது பாதியில் நின்றது. தம்பி மகன் தெம்பாக நிமிர்ந்து உட்கார்ந்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. நாற்காலியைத் திருப்பி அப்பாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"அப்பா, என்னைப் பொண்ணு கேட்டு வந்தாங்களே, அன்னைக்கு ராத்திரி பாத்திரம் கழுவிக்கிட்டே கேட்டேன். எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு, ஆனா உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது, வேண்டாம்னு சொல்லிடட்டுமான்னு கேட்டேன். நீங்க தலையாட்டினீங்க. அப்பாவுக்கு நான் கூடவே இருக்கணும்னு நினைச்சுத்தான் வேண்டாம்னு சொன்னேன். அதாச்சும் கேட்டுச்சாப்பா?"

எதிரே, நல்ல வெளிச்சத்தில் அவள் உதடு அசைந்தது. ஒரு வார்த்தைகூட அவருக்குத் தப்பவில்லை. மாப்பிள்ளையைப் பிடிக்காமல் அவளே வேண்டாம் என்றுவிட்டாள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

"கேக்கலைம்மா" என்றார்.