புனித ஹாரிகனின் படம்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கொடைக்கானல் மூடுபனிக்குள் எதைப் பார்த்தாலும் ஆள் மாதிரித்தான் தெரியும். யூகலிப்டஸ் மரம்கூடத் துரை மாதிரி நிற்கும். அதையெல்லாம் நம்பினால் இந்த ஊரில் ஒரு நாள் பிழைக்க முடியாது. அதனால் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஐம்பதுகளின் நடுவில், அமெரிக்கப் பாதிரிமார் பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் கிரவுண்டு வேலை பார்த்தேன். புல் வெட்டுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, மழைத் தண்ணீரை வாரி இறைப்பது. பையன்கள் அங்கே பேஸ்பால் ஆடுவார்கள். ஓங்கி அடித்தால் பந்து கிரவுண்டைத் தாண்டிச் சோலைக்குள் விழும், அட்டைக்கும் முள்ளுக்கும் பயந்து எவனும் இறங்க மாட்டான். நான் இறங்கித் தேடி எடுத்து வருவேன். அதற்குக் கூலியாக நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஹாரிகன் படம்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பபிள்கம் வாங்கினால் கூடவே ஆட்டக்காரர் படம் போட்ட கெட்டி அட்டை ஒன்று வருமாம். ஹாரிகன் பழைய ஆட்டக்காரர், நான் அவர் பேரைக் கேள்விப்படும்போதே ஆடி ஓய்ந்திருந்தார். பையன்களுக்குப் புது ஆட்டக்காரர்கள் படம்தான் வேண்டும், அப்பா காலத்து ஹாரிகனை எனக்குத் தள்ளிவிடுவதில் அவர்களுக்கு நஷ்டமில்லை. அவர்களுடைய ஆட்ட வாத்தியாரும் ஒரு ஹாரிகன் பைத்தியம். மழை பிடித்துக்கொண்டால் ஷெட்டில் உட்கார்ந்து அரைகுறைத் தமிழில் எனக்குக் கதை கதையாகச் சொல்வார். முறிந்த விரலோடு ஆடினாராம், அவருடைய அணி வருஷா வருஷம் தோற்றதாம், பெரிய அணிகள் கூப்பிட்டும் போகவில்லையாம். தோற்கிற இடத்திலேயே கடைசிவரை இருந்த மனுஷன். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். என் தகர டப்பாவில் அவருடைய படங்கள், பத்திரிகையில் வெட்டியவை, வாத்தியார் ஊருக்குப் போகும்போது கொடுத்த, ஹாரிகன் பேர் பொறித்த பழைய தோல் கையுறை எல்லாம் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறதென்றே பார்க்காமல் செசிலி, என் மனைவி, தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். ஹாரிகன் பந்தை அடித்துப் பேர் வாங்கியவர் இல்லை, பிடித்துப் பேர் வாங்கியவர். அடிக்கிறவனுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எதிரே பந்து வீசுகிறவனுக்கு எந்த மாதிரிப் பந்து போடலாம் என்று தொடைகளுக்கு நடுவில் விரலால் ஜாடை காட்டுவார். வீசுகிறவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவான். இவர் வேறு விரல் காட்டுவார். அவன் சரி என்று தலையசைத்ததும் பந்து வரும், இவர் கையுறையில் வாங்கிக்கொள்வார். வருவதை வாங்கிக்கொள்வதுதான் அவர் வேலை.

கொடைக்கானல் ஈரத்தில் அட்டை சுருண்டுபோகும். அதனால் இருப்பதிலேயே நல்ல படத்தை, சுருளாமல் இருக்கட்டும் என்று செசிலியின் ஜெபப் புத்தகத்துக்குள் அவளுக்குச் சொல்லாமல் சொருகி வைத்திருந்தேன். நாங்கள் கத்தோலிக்கர்கள், அந்தப் புத்தகத்துக்குள் ஏற்கெனவே அந்தோனியார், சூசையப்பர் என்று கட்டுக்கட்டாகப் புனிதர்கள் படம் இருந்தது.

அந்த மழைக்காலத்தில்தான் எங்கள் மகள் ஜெயாவுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. எங்களுக்கு அவள் ஒருத்திதான், இன்னும் பள்ளிக்கூடத்தில்கூடச் சேர்க்கவில்லை. கழுத்து வீங்கி, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து வாங்கினாள். ஊசிமருந்து மதுரையிலிருந்து வர வேண்டும் என்றார் டாக்டர். மருந்து கிளம்பிவிட்டது, ஆனால் பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. நடந்தாவது தாண்டிப் போய் வாங்கிவரலாம் என்று நான் ஓடினேன். கண்ணுக்கு முன்னால் மண் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது, போலீஸ்காரர்கள் என்னைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பக்கம் எங்கோ பஸ்ஸில் என் பிள்ளையின் உயிர் நின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தால், செசிலி முழங்காலில் இருந்தாள். மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி, சுரூபத்தில் சாய்த்து வைத்திருந்தது ஹாரிகன் படம்.

“அந்தோனியார், சூசையப்பரு, ஆரோக்கிய மாதா, எல்லார்கிட்டயும் கேட்டுட்டேங்க. இவருகிட்டதான் இதுவரைக்கும் எதுவுமே கேட்டதில்ல. இவரு பேரு என்னங்க?”

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தப் படத்தில் அவர் முழங்கால் மடித்து இரண்டு கையையும் முன்னால் நீட்டியிருப்பார். மார்பில் தேவதூதர் மிக்கேல் சம்மனசு மாதிரிக் கவசம். முகமூடியைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டிருப்பார், அதற்குப் பின்னால் மஞ்சள் வட்டம். பின்பக்கம் பொடி இங்கிலீஷ் எழுத்து, மற்றப் படங்களில் ஜெபம் அச்சடித்திருக்கிற மாதிரியே. நான் வாயைத் திறந்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

“ஹாரிகன்” என்றேன்.

“புனித ஹாரிகனே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று செசிலி ஆரம்பித்தாள். வேறு வழி தெரியாமல் நானும் பக்கத்தில் முழங்காலிட்டேன். நம்பினால் நம்புங்கள், நானும் மனதார வேண்டினேன்.

விளக்கு வைக்கிற நேரம். பனி வாசலுக்குள்ளேயே வந்துவிட்டது. செசிலி சுவரில் சாய்ந்தபடி கண் அசந்துவிட்டாள். பிள்ளைக்கு ஆவி பிடிக்க வெந்நீர் எடுத்துவர நான் பின்கட்டுக்குப் போய்த் திரும்பினேன். அறைக்குள் பபிள்கம் வாசனை அடித்தது. கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

பெரிய உருவம். கால்சட்டை முழுக்கச் செம்மண். முதுகைத்தான் பார்த்தேன், ஆனால் எனக்கு அந்த முதுகு தெரியும். வெந்நீர்ப் பாத்திரம் கையைச் சுட்டது, கீழே வைக்கத் தோன்றவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குப் பயமே இல்லை, சந்தோஷம்தான்.

பிறகுதான் அவர் விரல்களைக் கவனித்தேன். தொடைகளுக்கு நடுவில் ஒரு விரலை நீட்டினார். காலையிலிருந்து கண் திறக்காத ஜெயா கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அவர் இரண்டு விரலை நீட்டினார். அதற்கும் ஆட்டினாள். அவர் அவசரப்படுத்தவில்லை. நான் கட்டிலை நோக்கி ஓரடி எடுத்து வைத்தேன். கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு அவர் கையை முழுதாக விரித்துக் காட்டினார். என் பிள்ளை சரி என்று தலையசைத்தாள்.

அவர் கையுறையை முன்னால் நீட்டினார். தோலில் பந்து விழுகிற சத்தம் கேட்டது, கிரவுண்டில் ஆயிரம் தடவை கேட்ட சத்தம். அதற்கப்புறம் அங்கே பனிதான் இருந்தது. மூச்சு இழுக்கிற சத்தம் நின்றிருந்தது.

செசிலி விழித்தவள் அழுவதற்கு முன்னால் அந்த வாசனையை மோந்து பார்த்தாள். “வந்தாராங்க?” என்றாள். நான் ஆமாம் என்று சொன்னேன். அந்த விரல்களைப் பற்றி இன்றைக்கு உங்களிடம் சொல்லும்வரை ஒரு உயிரிடமும் சொன்னதில்லை.

தகர டப்பாவையும் கையுறையையும் ஊருக்குப் போகிற ஒரு பையனிடம் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு படத்தை மட்டும் செசிலி விடவில்லை. “எத்தன பேரக் கூப்பிட்டேன். இவரு ஒருத்தருதாங்க வந்தாரு” என்பாள். அடுப்பில் போட்டுவிடலாம் என்று நினைக்காத நாள் இல்லை. போட்டால் அவளும் போய்விடுவாள் என்று பயந்தேன்.

புனிதர் நேரிலேயே வந்தார் என்று அக்கம்பக்கத்தில் விஷயம் பரவியது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் படத்தை இரவல் கேட்டு வந்தார்கள், மேல்மலைப் போளூரிலிருந்துகூட வந்தார்கள். திருப்பிக் கொண்டுவரும்போது நான் ஒரே கேள்வி கேட்பேன், யாராவது வந்தாங்களா என்று. யாரும் வரலை, பிள்ளை எழுந்து கஞ்சி குடிக்குது என்பார்கள். எனக்கு மூச்சு திரும்பும். செசிலிக்கோ புனிதர் மேல் பக்தி இன்னும் கூடும்.

அறுபதுகள் பிறந்து ஓரிரு வருஷம் இருக்கும். எங்கள் வரிசையில் கடைசி வீட்டுப் பாக்கியம், புருஷன் லாரியில் போகிறவர், சாயங்காலம் மூச்சு வாங்க எங்கள் வாசலுக்கு வந்தாள். செசிலி எனக்குச் சொல்லாமல் அவளுக்குப் படத்தைக் கொடுத்திருந்தாள்.

“அக்கா இல்லையாண்ணே? அவங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு வெரசா ஓடியாந்தேன். உங்க சாமி வந்துட்டாருண்ணே. எம்புள்ள பக்கத்துல குத்த வச்சு உக்காந்திருக்காரு. விரல விரலக் காட்டி விளையாட்டுக் காமிக்கிறாரு. அவன் மாட்டேன் மாட்டேன்னு தலைய ஆட்டுறான். நாலு நாளாக் கண்ணு தொறக்காம கெடந்த புள்ளண்ணே. அவரு பாத்துக்கிறாருங்கிற தெம்புலதான் விட்டுட்டு வந்தேன்.”

நான் அவளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். பாதி வழியிலேயே அந்தச் சத்தம் கேட்டது. பின்னால் பாக்கியம் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்த பிறகு படத்தைக் கேட்டேன். எரிப்பதென்று முடிவு செய்துவிட்டேன், செசிலி என்ன ஆனாலும் சரி. பாக்கியம் அழுது வீங்கிய முகத்தோடு என்னைப் பார்த்தாள். துக்கத்துக்கு வந்த ஒரு பெண் கேட்டாளாம், வீட்டில் பிள்ளைக்கு முடியவில்லையாம், கொடுத்தனுப்பிவிட்டாளாம்.

“எந்த ஊருன்னு கேக்கலண்ணே. பாவம், நம்மளப் போலத்தான். கூப்பிட்டா வர்றவருன்னு சொல்லித்தான் குடுத்தேன்.”

மேல்மலை, கீழ்மலை, பெரும்பாறை எஸ்டேட் லயன் வீடுகள் என்று நான் வருஷக்கணக்கில் விசாரித்துவிட்டேன். அந்தப் படம் இப்போது யார் வீட்டில் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.