அக்கா போன பிறகு தையல் கடை

எழுபதுகளின் கடைசியில் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து சாரம் என்ற பகுதியில் தையல் கடை வைத்தோம். அக்கா துணி வெட்டுவார், நான் தைப்பேன். மாதா கோயில் கல்யாணங்களுக்கு வெள்ளை கவுன் தைத்துத்தான் பெயர் எடுத்தோம்.

அக்காவின் கணவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்; பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார். ஒரு மதியம் அக்கா, "அவரு வரச் சொல்லிட்டாரு. அடுத்த மாசம் பிரான்சுக்குப் போறோம்டி" என்றார்.

"அப்ப கடை?"

"நீ இருக்கியே. விட்டுடாத."

அந்த ஊர்க் குளிருக்குத் தனக்கு ஒரு கம்பளிக் கோட்டு வேண்டும் என்று அக்காவே துணியை வெட்டிக் கொடுத்தார். அழுதபடியே தைத்து முடித்தேன்.

அக்கா போன பிறகு கவுன் துணியை நானே வெட்டிப் பார்த்தேன். ஒரு மணப்பெண்ணுக்குத் தோள் இறுக்கமாகிவிட்டது. பிரித்துத் தைத்தும் சரியாகவில்லை. கோயிலில் அவள் கையைத் தூக்க முடியாமல் நின்றதைப் பார்த்தேன். அவளுடைய அம்மா என்னிடம், "அந்த அக்கா இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்று கேட்டார். கவுன் தைக்க வருகிறவர்கள் மெல்லக் குறைந்தார்கள். மழைக்காலத்தில் கடையை மூடினேன்.

சில வருடம் கழித்து விடுமுறைக்கு வந்த அக்கா என் வீட்டுக்கு வந்தார்.

"இப்ப என்னடி பண்ற?"

"லாஸ்பேட்டையில ஒரு கம்பெனிக்குப் போறேன்க்கா. சட்டைக்குக் காலர் மட்டும் தைக்கிறேன்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.