ஐம்பத்தெட்டு கிலோ

ஒரு ஸ்போர்ட்ஸ் காரை நான் சும்மா உட்கார்ந்தே காப்பாற்றியிருக்கிறேன். இதைச் சொன்னால் என் கணவர் இன்றைக்கும் சிரிக்கிறார். சிரிக்கட்டும், அவருக்கு என்ன தெரியும். அப்போது எனக்குப் பதினொரு வயது. எடை ஐம்பத்தெட்டு கிலோ.

வேறு எதில் சந்தேகம் வந்தாலும் அந்த எடையில் சந்தேகமே வராது. பள்ளிக்கூடத்தில் எடை பார்க்க வந்த நர்ஸ் அதை வகுப்புக்கே கேட்கும்படி சொன்னார். எழுதிக்கொண்டிருந்த டீச்சர் தலையை நிமிர்த்தி, "எவ்வளவு?" என்றார். நர்ஸ் இன்னும் உரக்கச் சொன்னார். அவ்வளவுதான். அன்று மதியத்துக்குள் என் பெயர் 'லோரி' ஆகிவிட்டது. நான் வகுப்புக்குள் நுழைந்தால் ஒருவன் "பீப் பீப்" என்பான், இன்னொருவன் லோரிக்குப் பின்னால் நின்று ரிவர்ஸ் எடுக்கச் சொல்கிற ஆள்போல "கோஸ்தான், கோஸ்தான்" என்று கையாட்டுவான். அதற்கு முந்தின மாதம்தான் ஒரு கல்யாண விருந்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று என்னைச் சுமக்க மாட்டேன் என்று நாலு காலையும் விரித்துவிட்டிருந்தது. அதன் பிறகு எதில் உட்கார்ந்தாலும் பாதி எடையைக் காலில் தாங்கிக்கொண்டுதான் உட்காருவேன். பள்ளி விட்டு வந்ததும் மாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

கீழே வீட்டு வாசலில் வேறு ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. அது அப்பாவுக்கும் அத்தைக்கும்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தாள். ஃபேக்டரியில் மெஷின்களைப் பழுது பார்க்கிற வேலை. அவளுக்குக் கொஞ்சிப் பேசத் தெரியாது. "சாப்பிட்டியா" என்பதையே ஏதோ திருட்டை விசாரிப்பதுபோல்தான் கேட்பாள். தெங்கேராவில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் பூனைகள் குடியிருந்த சிவப்பு ரெண்டு சீட்டர் காரை எப்படியோ பேசி வாங்கி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்ததும் தெருவில் வேகத்தைக் குறைக்கப் போட்டிருக்கிற ஒவ்வொரு பம்ப் மேட்டிலும் அது "டொக், கடகட" என்று கத்திய கத்தலில் ஜனங்கள் கேட்டுக்கு ஓடி வந்தார்கள். சக்கரத்தைக் காரோடு பிடித்து வைக்கிற இரும்புக் கைகளில் மூட்டுக்கு மூட்டு ரப்பர் உருளை ஒன்று இருக்கும், புஷ் என்பார்கள். அத்தனையும் நொறுங்கிப்போயிருந்தது. குலுக்கலைத் தாங்குகிற அப்சார்பரிலும் எண்ணெய் ஒழுகியது.

அத்தை ரெண்டு வார லீவு போட்டாள். காரை நாலு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, கீழே இருந்த எல்லாவற்றையும் கழற்றிப் போட்டாள். அது தீபாவளி நேரம். அப்பா அந்த வருடம் ஓப்பன் ஹவுஸ் விருந்து வைக்கிறார், ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் வருகிறார்கள், வாசலில் பந்தல் போட வேண்டும். வாசலிலோ சக்கரம் இல்லாத கார்.

"எங்க டைரக்டர் வர்றாரு. வந்து பார்த்தா இது வீடா, வொர்க்‌ஷாப்பான்னு கேட்க மாட்டாரா?" என்றார் அப்பா. "சனிக்கிழமை காலையில பெசி புரோக் லோரிக்காரனை வரச் சொல்லிட்டேன்." பெசி புரோக் என்றால் பழைய இரும்பு. அத்தையின் முகம் ஒரு கணம் செத்துப்போனது.

"அதுக்குள்ள அது தானா ஓடிப் போயிட்டு வந்துட்டா?"

"ஒரு சத்தம் வரக்கூடாது. வரலேன்னா நான் அதப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன் லா."

"பேச்சு மாறக்கூடாது அண்ணே."

அதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. புது ரப்பர்கள் வந்ததும் அத்தை அவற்றைக் கொண்டுபோய் ஃபிரீசரில் வைத்தாள். குழம்புக்கு மீன் எடுக்கப் போன அம்மா போட்ட கூச்சல் எனக்கு மாடியில் கேட்டது.

"கெம்போங் மீனுக்குப் பக்கத்துல கறுப்பா என்ன இது, ஐயோ கடவுளே!"

"குளுர்ல கொஞ்சம் சுருங்கும் அண்ணி. அப்பதான் உள்ள போவும்."

"அப்ப தீபாவளி ஆட்டுக்கறியை உங்க அண்ணன் தலையில வைக்கிறதா?"

பாத்திரம் கழுவுகிற சோப்பும் காணாமல் போனது. அதைத் தடவி, ஒரு நீள போல்ட்டையும் குழாய்த் துண்டையும் வைத்து முறுக்கி முறுக்கி ஒவ்வொரு ரப்பராக அதன் ஓட்டைக்குள் ஏற்றினாள். ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்டுகிற அன்று மட்டும், அது தெறித்தால் ஆள் போய்விடும் என்று எங்கள் எல்லோரையும் வீட்டுக்குள் துரத்திக் கதவை வெளியே பூட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாம் பூட்டி முடிந்தது. ஜேக்கை இறக்கினாள். கார் தரைக்கு வந்தது. வந்தது என்றா சொல்வது? நாலு காலையும் விறைத்துக்கொண்டு நின்றது. டயருக்கும் மேலே இருந்த தகட்டுக்கும் நடுவில் என் கை முழுசாக நுழைந்தது. அத்தை இஞ்சின் மூடியின் மேல் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. கேட்டைத் தாண்டி ஓட்டிப் பார்த்தபோது, சாக்கடை மூடியில் ஏறிய உடனே முன்பைவிடப் பெரிதாக "டங்" என்றது.

அப்பா படியில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "சிம்பாங் அம்பாட் தோட்டத்துல ரப்பர் மரத்தடியிலேயே பொறந்தவன் நான். எனக்குத் தெரியாத ரப்பரா? இது ரப்பரே இல்ல. உன்ன நல்லா ஏமாத்திட்டான்."

அத்தை ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். எறிந்திருந்தால்கூட எனக்குப் பயம் இருந்திருக்காது.

மறுநாள் காலை என் அறைக் கதவைத் தட்டினாள். கையில் எண்ணெய் படிந்த தாள் கட்டு. காரைப் பற்றிய புத்தகத்தை ஃபேக்டரியில் பிரின்ட் எடுத்து வைத்திருந்தாள்.

"உன் வெயிட் எவ்வளவு?"

நாற்பத்தைந்து என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பொய் சொல்லாத. கணக்கு தப்பாப் போயிரும்."

"ஐம்பத்தெட்டு" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான்.

"சூப்பர் லா. கீழ வா."

சூப்பர். என் எடையைக் கேட்டு ஒருவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நான் நம்பாமல் அவளைப் பார்த்தேன். அவள் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள். இறங்கிக்கொண்டே தன் தப்பைச் சொன்னாள். காரைத் தூக்கி வைத்து, சக்கரம் தொங்குகிறபோதே எல்லா நட்டையும் இறுக்கிவிட்டாள். அதனால் கீழே இறக்கியதும் ரப்பர் எல்லாம் முறுக்கிக்கொண்டு காரை மேலே தள்ளுகிறது. கார் தரையில் நிற்க வேண்டும், ஓட்டுகிறவர் எடை உள்ளே இருக்க வேண்டும், அப்போதுதான் இறுக்க வேண்டும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததாம். அவளோ காருக்கு அடியில் படுக்க வேண்டும்.

"எத்தனை கிலோ வேணும்?"

"அறுபது."

"அப்ப நான் ரெண்டு கிலோ கம்மியா?" என் வாழ்க்கையில் நான் கம்மியாக இருந்தது அதுதான் முதல் தடவை. "நாலு தோசை சாப்பிட்டுட்டு வரட்டுமா அத்தை?"

அத்தை சிரித்தாள். அவள் ரெண்டு வாரமாகச் சிரிக்கவில்லை. ஸ்பேனர் டப்பாவைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

நாலு சக்கரத்துக்கும் அடியில் தடித்த பலகைகள் இருந்தன. நான் ஓட்டுநர் இடத்தில், பழக்கம்போலப் பாதி எடையைக் காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "காலைத் தூக்கு. நல்லா உட்காரு. மூச்சு விடு, ஆனா அசையாதே" என்று சொல்லிவிட்டு அத்தை அட்டைப் பெட்டியை விரித்து அடியில் நுழைந்தாள். அசைந்தால் அத்தை மேல் கார் விழுந்துவிடும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அந்த நேரம் பார்த்து ஓர் எறும்பு என் கழுத்தில் ஏறியது.

முதல் நட்டு தளர்ந்தது. "க்ர்ர்ரக்!" என்று ஒரு சத்தம். நான் உட்கார்ந்திருந்த பக்கம் அப்படியே கீழே இறங்கியது.

"அத்தை! உடைச்சிட்டேன்! நான் உடைச்சிட்டேன்!"

"உடையலடி! உட்காருது!" அடியிலிருந்து அத்தை கத்தினாள். "அப்படித்தான்! அசையாத! அப்படியே இரு, என் தங்கமே, அப்படியே இரு!"

தங்கமே என்று அவள் யாரையும் அழைத்து நான் கேட்டதில்லை. அடுத்த நட்டு. மறுபடி க்ர்ரக், மறுபடி இறங்கியது. பின்பக்கம் வலது, பின்பக்கம் இடது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எனக்கு உள்ளுக்குள் குதிக்கலாம்போல இருந்தது. நான் உட்கார உட்கார ஒரு கார் சரியாகிக்கொண்டிருந்தது! எறும்பு கடித்தது. கடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அம்மா முறுக்குத் தட்டோடு வாசலுக்கு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு அத்தை எல்லாவற்றையும் அந்த நிலையிலேயே இறுக்கினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

வெளியே வந்தவளின் முகம் பூராவும் கரி. டயருக்கு மேலே விரலை வைத்துப் பார்த்தாள். மூன்று விரல்தான் நுழைந்தது.

அதே சமயம் பெசி புரோக் லோரி தன் ஒலிபெருக்கியோடு தெருமுனையில் திரும்பியது. அப்பா கேட்டைத் திறந்தார்.

"எறங்காத. அந்தப் பக்கம் தள்ளி உட்காரு" என்றாள் அத்தை என்னிடம். இஞ்சினைப் போட்டாள். நாங்கள் அப்பாவையும் லோரியையும் கடந்து தெருவுக்கு வந்தோம். முதல் பம்ப் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஏறினோம், இறங்கினோம். சத்தம்? ஒன்றும் இல்லை! "ஒண்ணு!" என்று கத்தினேன். "ரெண்டு!" எங்கள் தாமானில் ஏழு பம்ப். ஏழையும் எண்ணினேன். ஐந்தாவதன் ஓரத்தில் சைக்கிளோடு நின்றிருந்த இரண்டு பேர் என் வகுப்புப் பையன்கள். அந்தக் கோஸ்தான் பயலும் அவன் கூட்டாளியும். அத்தைக்கு அவர்களைத் தெரியாது, ஆனாலும் சரியாக அங்கே போய் ஒரு ஹார்ன் அடித்தாள். பீப் பீப் சொல்ல வேண்டியவன் சைக்கிளைச் சாக்கடை ஓரமாக ஒதுக்கினான். நான் கையை உயர்த்தி ஆட்டினேன், மகாராணி மாதிரி.

திரும்பி வந்தபோது லோரிக்காரச் சீனப் பெரியவர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுவா பழைய இரும்பு?" என்று அப்பாவை மலாயில் கேட்டார். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று அப்பா என் பழைய சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தானும் ஒரு ரவுண்டு வரலாமா என்றார்.

"ரெண்டு சீட்டுதான் அண்ணே" என்றாள் அத்தை. நாங்கள் இருவரும் நேரே கிளேபாங்குக்குப் போய்க் கடலோரக் கடையில் தேங்காய் ஷேக் குடித்தோம். எனக்குப் பெரிய கப்.

ஓப்பன் ஹவுஸ் அன்று கார் பந்தலுக்குப் பக்கத்திலேயே பளபளவென்று நின்றது. "எல்லாம் நாங்க வீட்டுலேயே செஞ்சது" என்று அப்பா தன் டைரக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் அவர் எப்போது சேர்ந்தார் என்று யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமையோ செவ்வாயோ வகுப்பில் ஒருவன் லோரி என்றான். "ஆமாண்டா. இந்த லோரி உட்காரலேன்னா அந்தக் கார் ஓடியிருக்காது" என்றேன். அதன் பிறகு அந்தப் பெயரில் அவர்களுக்குச் சுவை போய்விட்டது. அந்தக் காருக்கு என்னை விட்டால் வேறு கதியே இல்லை என்று நான் வருடக்கணக்காக நம்பினேன்.

இப்போது அதை ஓட்டுவது நான். போன மாதம் பின்பக்க ரப்பர்களை மாற்ற வேண்டி, அத்தையின் தாள் கட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்தின் அடியில், ஓட்டுநரின் எடைக்கு ஈடாக ஏதாவது மூட்டையை வைத்தால் போதும், ஆளை உட்கார வைக்க வேண்டாம் என்று இருந்தது. அதன்கீழ் அத்தை பென்சிலால் கோடு போட்டிருந்தாள். ஓரத்தில் '10 x 6' என்று எழுதி, அதைக் குறுக்கே அடித்தும் இருந்தாள்.

உடனே அத்தைக்குப் போன் செய்து, ஏன் மூட்டையை வைக்கவில்லை என்று கேட்டேன். "அரிசி மூட்டையில எண்ணெய் பட்டா அண்ணி சும்மா விடுவாங்களா? லூசு மாதிரி பேசாத. வை போனை" என்று வைத்துவிட்டாள்.

தோட்டத்துச் சொந்தங்களுக்குக் கொடுக்க ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்பா அரிசி வாங்குவார். பத்து கிலோ மூட்டை, ஆறு. அவற்றை மாடிப்படியின் முதல் படியை ஒட்டித்தான் அடுக்கி வைப்பார்கள். அன்று காலை அத்தை அந்த ஆறு மூட்டையையும் தாண்டி, மாடியேறி வந்துதான் என் கதவைத் தட்டியிருக்கிறாள்.