பழைய இரும்புக்குப் போக இருந்த கார்

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நடந்தது இது.

என் கணவருக்கு மைன்ஸில் வேலை. கார் என்றால் அப்படியொரு பைத்தியம். இங்கிலாந்தில் செய்த, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, மேலே கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு ரைஸ்மில் கொட்டகையில் கண்டுபிடித்து வாங்கி வந்தார். அந்தக் காலத்தில் மைன்ஸ் வேலைக்கு வந்த வெள்ளைக்கார இன்ஜினீயர் யாரோ ஊர் திரும்பும்போது விட்டுப் போனதாம். பல கை மாறி, கடைசியில் அதன் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது! ஷிப்ட் முடிந்து வந்தால் குளித்துவிட்டு நேரே ஷெட்டுக்குப் போய்விடுவார். "என் சக்களத்தி எப்படி இருக்கா?" என்று நான் கேலி செய்வேன்.

வண்டி பாதி வேலையில் இருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. பேசப் பேசத்தான் சரியாகும் என்றார் டாக்டர். அவரோ வாயே திறக்கவில்லை. யாராவது பார்க்க வந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். ஒருநாள் இடது கையால் ஷெட்டைக் காட்டி, "போட்...டுடு" என்றார். பழைய இரும்புக்கா என்று மறுபடி மறுபடி கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மந்தாரக்குப்பத்தில் பழைய இரும்பு வாங்கும் பாய் ஒருவரை வரச் சொன்னேன். அவர் யாரோடும் பேசாமல் இருக்கும் விஷயத்தையும் சொல்லி வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர், கம்பிச் சக்கரங்களை முதலில் கழற்றிவிடலாம் என்று உட்கார்ந்தார். அந்தச் சக்கரத்துக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. அதற்கு இரண்டு காது. காதில் தட்டித்தான் கழற்ற வேண்டும். பாய் சுத்தியலால் அடி அடியென்று அடிக்கிறார், அசையவே இல்லை. எனக்கு ஒவ்வொரு அடியும் நெஞ்சில் விழுந்தது.

திடீரென்று பின்னாலிருந்து ஒரு சத்தம். "அப்படி இல்ல! எதிர்ப்பக்கம்... எதிர்ப்பக்கம் அடி!"

கதவைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். எத்தனையோ மாதமாக நான் கேட்காத குரல். குழறத்தான் செய்தது, ஆனாலும் முழு வாக்கியம்!

பாய் மாற்றித் தட்டினார். நட்டு சுழன்றது. நிமிர்ந்து பார்த்தவர், "அந்தாண்ட சக்கரமும் இப்டித்தானா சார்?" என்றார்.

"இல்ல. அது... நேர்மாறு. ஓடறப்ப தானா... கழலக் கூடாதுல்ல."

பாய், கழற்றிய நட்டைத் திரும்ப மாட்டி இறுக்கிவிட்டு எழுந்தார். "சார் பேசிகினு இருக்காரும்மா. நான் இத எடுத்துகினு போய்ட்டா, நாளைக்கு இன்னாத்தப் பத்திப் பேசுவாரு?" என்றவர், வந்த வண்டியைக் காலியாகவே திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே நான் ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் செய்வேன். தப்பாகச் செய்தால் திட்டுவார். திட்டத் திட்ட நாக்கு புரண்டுவந்தது. அந்தக் காருக்கு, பெட்ரோலில் காற்றைக் கலக்கும் கார்புரேட்டர் இரண்டு. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கிறதா என்று ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்பார். நான் ஸ்க்ரூவைத் திருகுவேன். நடுநடுவே பாயும் எட்டிப் பார்த்து, "இது எதுக்கு சார்? அது எதுக்கு?" என்று ஏதாவது கேட்பார். யார் வந்தாலும் உள்ளே ஓடும் மனுஷர், பாய்க்கு மட்டும் நாற்காலி போடச் சொல்வார்.

போன தையில் வண்டி கிளம்பியது. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான்தான் டவுன்ஷிப் ரோடுகளில் ஓட்டினேன். ஒரு திருப்பத்தில் கியர் மாற்றும்போது என் கைமேல் அவருடைய வலது கை வந்து உட்கார்ந்தது. கனமாக, மெதுவாக. இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தக் கியரைப் போட்டோம்.

அந்தக் கை இன்னும் முழுதாகத் தேறவில்லை. ஆனால் நோயாளிகளைப் பார்க்கப் போனால் நான் இப்போது ஆறுதல் சொல்வதில்லை. அவர்களுக்குத் தெரிந்த வேலையைப் பற்றி ஏதாவது கேட்கிறேன், பதில் வரும்வரை காத்திருக்கிறேன்.