துளை போடாமல் போன நாள்

என் கணவர் ஏரி ஐஸ் தாங்குமா என்று பார்க்கப் பழகியது வேலை போன பிறகுதான். அவர் வேலை செய்த பார்சல் கிடங்கை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஐம்பது தாண்டிய வயதில் அவருக்கு வேறு வேலை அமையவில்லை. வீட்டில் இருந்தார். மகள் படிப்புக்காக நொர்வேயின் இன்னொரு நகரமான துரொண்ட்ஹெய்முக்குப் போயிருந்தாள். நான் முதியோர் இல்லத்தில் பகல் வேலை முடித்து வரும்போது, காலையில் அவர் இருந்த அதே கதிரையில்தான் இருப்பார்.

அந்தக் குளிர்காலம் பழைய சாமான் கடையொன்றில் ஐஸில் துளை போடுகிற துறப்பணமும் சின்னத் தூண்டிலும் வாங்கி வந்தார். நாங்கள் இருக்கும் அம்மருட்டில் எங்கள் மாடிக் குடியிருப்புக்குப் பின்னால் காட்டுப்பாதையில் ஏறினால் ஓர் ஏரி வரும். அங்கே போகத் தொடங்கினார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் திரும்பவும் அவருடைய குரல் கேட்டது. கதைத்ததெல்லாம் ஐஸைப் பற்றித்தான்.

"கறுப்பா, கண்ணாடி மாதிரி இருந்தா நல்ல ஐஸ். பத்து சென்ரிமீற்றர் இருந்தாலே ஆள் நடக்கலாம். வெள்ளையா இருந்தா நம்பேலாது, அதுக்குள்ளை காத்தும் ஸ்னோவும்."

"அப்ப ஆத்துத் தண்ணி வந்து விழுற இடம்?"

"அந்தப் பக்கம் போகவே கூடாது. கீழை தண்ணி ஓடிக்கொண்டிருக்கும். மேலை ஸ்னோ மூடியிருந்தா ஒண்டும் தெரியாது."

ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கொஞ்சத் தூரம் நடப்பார், துறப்பணத்தைச் சுற்றி ஒரு துளை போடுவார், அளவுகோலை உள்ளே விட்டுப் பார்ப்பார், பிறகுதான் அடுத்த பக்கம் போவார். எங்கோ தூரத்தில் ஏரி உறுமியது. நான் கரைக்கு ஓடப் பார்த்தேன்.

"நீர் பயப்பிடாதையும். குளிருக்கு ஐஸ் பெருக்குது, அவ்வளவுதான்" என்றார்.

கழுத்தில் இரண்டு மரப்பிடிகள் தொங்கின, முனையில் ஆணியோடு. விழுந்தால் அவற்றை ஐஸில் குத்தி, வந்த பக்கமாகவே ஏற வேண்டும் என்று செய்து காட்டினார். அன்று இரண்டு மீன் கிடைத்தது. இரண்டையும் பொரித்தேன்.

ஏப்ரல் வந்தது. பகலில் வெயில், கூரைகளில் இருந்து தண்ணீர் சொட்டியது. இந்த மாதத்து ஐஸ் தடிப்பாக இருந்தாலும் உள்ளுக்குள் உதிர்ந்துவிடும், அளந்து பிரயோசனமில்லை என்று அவரே சொல்லியிருந்தார். இனிப் போகமாட்டார் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் வேலையால் வந்து கதவைத் திறந்தால் நடையெல்லாம் ஈரம். அவர் குளியலறைத் தரையில், போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தார். பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. ஈர உடுப்புக் குவியலாகப் பக்கத்தில் கிடந்தது. முழங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

"உடைஞ்சிட்டுது" என்றார். "நெஞ்சளவுதான். காலுக்குக் கல்லு தட்டுப்பட்டது. கையால உடைச்சு உடைச்சுக் கரைக்கு வந்தனான்."

"எந்தப் பக்கம்?"

"தண்ணி வாற பக்கம்."

உலர்ந்த உடுப்பு மாற்றி, கட்டிலில் படுக்கவைத்து, சூடாகத் தேத்தண்ணி கொடுத்தேன். பிறகு பால்கனிக்குப் போனேன். துறப்பணம் சுவரில் சாய்ந்து நின்றது. கழுத்தில் போடுகிற ஆணிப்பிடிகள் கொளுவியில் தொங்கின. தூண்டிலும் அங்கேயே இருந்தது. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டு குளிரில் நின்றேன். எவ்வளவு நேரமென்று தெரியாது.

திரும்பி வந்து கட்டிலில் அவர் காலடியில் இருந்தேன். சுற்றி வளைத்துக் கேட்க எனக்கு வராது.

"தெரிஞ்சுதான் போனீங்களோ?"

அவர் மேலே பார்த்தபடி கிடந்தார்.

"தாங்குமெண்டு நினைச்சுப் போகேல்லை" என்றார். "தாங்காதெண்டு நினைச்சும் போகேல்லை. நான் பாக்கேல்லை. நடந்தனான், அவ்வளவுதான்."

அழுதது நான்தான். அவர் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார், அவர் கை அப்பவும் குளிர்ந்திருந்தது.

அடுத்த நாளே டொக்டரிடம் போனோம். நடந்ததை நான் சொல்ல வாயெடுத்தேன், அவர் கையைக் காட்டி மறித்துத் தானே சொன்னார். அவருடைய உடைந்த நொர்வேஜிய மொழியில் அது இன்னும் வெறுமையாகக் கேட்டது. டொக்டர் எழுதுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மருந்து வந்தது, கிழமைக்கொருமுறை கதைக்கப் போக ஓர் இடமும் கிடைத்தது. மகள் ரயிலில் வந்து சில நாள் நின்றாள். தகப்பனும் மகளும் தொலைக்காட்சியைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

இங்கே இருக்கிற எங்கள் தமிழ்ச் சனத்துக்கு வழுக்கி விழுந்தார் என்று சொன்னோம். முழங்கைக் காயத்தைப் பார்த்து நம்பினார்கள்.

அடுத்த குளிருக்கு ஏரி உறைந்தபோது அவர் போகவில்லை. அது சுகமாகிற அடையாளமோ, இன்னும் தனக்குள்ளே போய்விட்டாரோ, எனக்குத் தெரியவில்லை. நான் வேலைக்குப் போகிற நாட்களில் மத்தியானம் மகள் அவருக்கு போன் எடுப்பாள். அவர் போனைத் தூக்கிக் கதைத்தார் என்றால் எனக்கு ஒரு செய்தி அனுப்புவாள்.

மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையால் நடந்தோம். ஒரு பெண் நாயோடு ஐஸின்மேல் ஆறு விழுகிற பக்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அவர் நின்று பார்த்தார். கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. நான்தான் கையை ஆட்டி, அங்கே போகவேண்டாம், ஐஸ் மெல்லிசு என்று கத்தினேன். அவள் நன்றி சொல்லித் திரும்பினாள்.

"அவ நிண்ட இடம் இன்னும் தாங்கும்" என்றார் மெதுவாக. "அங்காலைதான் கூடாது." பிறகு, "கூப்பிட்டது நல்லது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுக்கப் போனார். நான் அறைக்கதவைத் திறந்தபடி விட்டு, சோற்றுக்கு அரிசி கழுவினேன்.